புரட்டாசி சவால்

புரட்டாசி முழுக்க அசைவமும் கிடையாது, ஹோட்டல் பார்சலும் கிடையாது, சமையல் என் பொறுப்பு என்று வீட்டில் சொல்லியாச்சு. சாம்பார், ரசமெல்லாம் பெரிய விஷயமில்லை. சேனைக்கிழங்குதான் ஆளைச் சோதிக்கும். அதிலிருக்கும் ஆக்சலேட் படிகங்கள்தான் நாக்கை அரிப்பவை. புளித்தண்ணீரில் வேகவைத்தால் அரிப்பு அடங்கும். பிறகு மிளகாய்த்தூள், சோம்பு, பூண்டு அரைத்துத் தடவி, தோசைக்கல்லில் முறுகவிட்டால் வஞ்சிரம் வறுவலுக்குக் கிட்டத்தில் வந்துவிடுகிறது. (சைவத்துக்கு மீன் வேஷம் போடுவது போங்காட்டம் என்கிறாள் மகள். இருக்கட்டும், தட்டு காலியாகிறதே!)

அடுத்து வாழைப்பூ வடை. ஒவ்வொரு பூவிலும் கள்ளனை (நடுவில் இருக்கும் வேகாத நரம்பை) எடுத்து, கறுக்காமல் மோரில் போட்டு முடிப்பதற்குள் விடிந்துவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

மோர்க்குழம்புக்குத் தேங்காயோடு அரைக்க உங்கள் வீட்டில் துவரம்பருப்பா, கடலைப்பருப்பா? சண்டை போடாமல் சொல்லுங்கள்.