எஸ்-7 எங்க நிக்கும்?

பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பதரை மணி. தெற்கே ஒரு சின்ன ரயில் நிலையம். பெயர் வேண்டாம், மாமனார் ஊர். வண்டி அங்கே நிற்பது இரண்டே நிமிடம். ஒரு பெட்டி 20 மீட்டருக்கு மேல் நீளம். இருபதுக்கு மேல் பெட்டிகள் என்றால் வண்டி கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர். அந்த அரைக் கிலோமீட்டரில் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று காட்ட வேண்டிய பலகையில் அன்று மணி மட்டும்தான் ஓடியது. அதுவும் தப்பான மணி.

நான், மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள். கூடவே ஒரு டிராலி, இரண்டு பை, ஒரு அரிசி மூட்டை, "ரயில்லதான போறீங்க, கனமா தெரியாது" என்று மாமியார் திணித்த ஆறு தேங்காய். குடிதண்ணீர்க் குழாய்க்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒயர்க்கூடையோடு ஒரு ஆச்சி. அவருக்கும் எஸ்-7தானாம்.

என் போனில் சார்ஜ் 4 சதவீதம். டிக்கெட் அதற்குள்தான் இருக்கிறது. வடக்குக் கோடித் தூணில் சார்ஜ் போட இடம் இருப்பதாக டீ விற்றவர் சொன்னார். சார்ஜர் டிராலியின் அடியில், முறுக்கு டின்னுக்கும் கீழே. நடைமேடையில் கடை பரப்ப வேண்டாமே என்று டிராலியை அப்படியே இழுத்துக்கொண்டு கிளம்பினேன். பொங்கலுக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த புது வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கடகடவென்று டிராலி சத்தம். பார்க்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்த ஆள் மாதிரி இருந்திருப்பேன்போல.

முதலில் இரண்டு இளைஞர்கள் எழுந்தார்கள். அப்புறம் மூன்று மூட்டைகளோடு ஒரு குடும்பம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் வகுப்பு எடுப்பவன். 'கூட்டத்தில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்' என்று இரண்டு மணி நேரம் பேசுவேன். அதில் எனக்குப் பிடித்த சோதனை உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நியூயார்க்கில் செய்தது. 1968-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் 42-ஆம் தெருவில் தன் ஆளை நிறுத்தி, எதிர்க் கட்டடத்தின் ஆறாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ஒரே ஆள் பார்த்தபோது, போகிறவர்களில் 4 சதவீதம் பேர் நின்று தாங்களும் பார்த்தார்கள். பதினைந்து ஆட்களை நிறுத்தியபோது 40 சதவீதம் பேர் நின்றுவிட்டார்கள். நிற்காமல் நடந்தபடியே பார்த்தவர்களையும் சேர்த்தால் 86 சதவீதம். மேலே பார்க்கும்படி ஒன்றுமில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த அமெரிக்கர்கள் தலையில் அரிசி மூட்டை இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

தூணில் சார்ஜ் போடும் இடம் இருந்தது. கரண்ட் இல்லை. போன் அணைந்தது. சரி, திரும்பலாம் என்று பார்த்தால், நடைமேடையில் பாதிக் கூட்டம் என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. சூட்கேஸ், சாக்கு, கரும்புக் கட்டு, தோளில் தூங்குகிற குழந்தை. 'எஸ்-7 இங்கேதான் வரும்போல. இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை' என்று தோன்றியது. நல்லவேளை வந்தோம் என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

1992-இல் பொருளாதார அறிஞர்கள் மூன்று பேர் இந்தச் சங்கிலியை ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். முதலில் போகிறவன் தனக்குத் தெரிந்ததை வைத்துப் போகிறான். அடுத்தடுத்து வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு முன்னால் போனவர்கள் பின்னால் போகிறார்கள் என்று. முதலில் போனவனே பின்னால் வருகிறவர்களைப் பார்த்து நம்பிவிடுவான் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. அதற்கு என்னைப் போல ஒருவன் வேண்டும்.

பக்கத்தில் வந்து நின்றவர் கேட்டார். "சார், எஸ்-7 இங்கதான?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அப்படித்தான் நினைக்கிறேன்."

அவர் திரும்பி அடுத்தவரிடம், "இங்கதானாம், சார் சொல்றாரு" என்றார். நாலாவது ஆளிடம் போகும்போது ஸ்டேஷன் மாஸ்டரே சொன்னதாக ஆகிவிட்டது. கல்லூரிப் பையன் ஒருவன் ஆப்பில் பார்த்து, "எஸ்-7 நடுவுல காட்டுது" என்றான். ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தான், போனைப் பார்த்தான். "ஆப்ல தப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கமே பையை இறக்கினான்.

மனைவி அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "ஏங்க, இங்கதான்னு யாரு சொன்னா?"

"எல்லாரும் வர்றாங்கல்ல."

"அப்பா, ஆச்சி வரலப்பா" என்றாள் மகள். "குழாய்க்கு நேராத்தான் எப்பவும் நிக்குமாம். மாசாமாசம் இந்த வண்டியிலதான் போறாங்களாம்."

"ஆச்சிக்கு என்னம்மா தெரியும், சும்மா இரு."

சாலமன் ஆஷ் என்ற இன்னொரு உளவியலாளர் பற்றியும் நான் வகுப்பில் சொல்வதுண்டு. 1951-இல் வெளிவந்த சோதனை. மூன்று கோடுகளில் எது இன்னொரு கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று கேட்பார், குழந்தைகூடச் சொல்லிவிடும். அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள், சொல்லி வைத்தாற்போலத் தப்பான கோட்டைக் காட்டுவார்கள். மாட்டிக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பைச் சொன்னார்கள். ஆனால் அறையில் இன்னொருவர் சரியான கோட்டைச் சொல்லிவிட்டால், அப்படித் தலையாட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். இங்கே சரியான பதிலை ஆச்சி சொன்னார், ஆப் சொன்னது, மகள் சொன்னாள். மூன்று துணை இருந்தும் நான் கூட்டத்தோடு நின்றேன். ஆஷ் இருந்திருந்தால் எனக்காகத் தனியாக ஒரு பத்தி எழுதியிருப்பார்.

வண்டி வந்தது. இன்ஜின் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. எங்கள் எதிரில் நின்றது முன்பதிவில்லாத பெட்டி.

ஒரு விநாடி அமைதி. அப்புறம் யாரோ "பின்னால!" என்று கத்த, அறுபது எழுபது பேர் மூட்டை முடிச்சோடு வந்த வழியே ஓடினோம். தேங்காய் ஒன்று பையிலிருந்து குதித்து எங்களுக்கு முன்னால் உருண்டது. கரும்புக் கட்டுக்காரர் திரும்பும்போதெல்லாம் நாலு பேர் குனிந்தோம். முதலில் எழுந்த இரண்டு இளைஞர்கள் எனக்குப் பக்கத்தில் ஓடினார்கள்.

"உங்களுக்கு எந்தக் கோச் தம்பி?"

"அன்ரிசர்வ்டு சார்."

"அது அங்கதான நின்னுச்சு?"

இருவரும் அப்படியே நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, திரும்பி ஓடினார்கள். அவர்களுக்கு வண்டி கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது.

நாங்கள் எஸ்-2-இல் ஏறினோம். உள்ளுக்குள்ளேயே ஐந்து பெட்டிகளைக் கடந்தோம். தூங்குகிறவர்கள் கால், கழற்றிப் போட்ட செருப்பு, கழிவறை வாசலில் உட்கார்ந்திருந்த கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலே அரிசி மூட்டை. எஸ்-7 வந்து சேரும்போது அடுத்த ஸ்டேஷனே தாண்டியிருந்தது. எங்கள் இருக்கைக்கு எதிரே கீழ் பெர்த்தில் ஆச்சி. இட்லிப் பொட்டலத்தில் பாதி முடிந்திருந்தது.

"எங்க போயிட்டு வாரிய?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

சைடு லோயரில் ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி பொருமிக்கொண்டிருந்தார். அவரும் எங்களோடு ஓடியவர்தான். "எவனோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் சார். டிராலிய இழுத்துக்கிட்டு விறுவிறுன்னு போனானாம். அவனைப் பார்த்துத்தான் மொத்தப் பேரும் எந்திரிச்சிருக்காங்க. கையில கெடைச்சான்னா..."

"ஆமா சார்" என்றேன். "இப்படித்தான் ஒருத்தன் எல்லாரையும் கெடுக்கிறான்."

மனைவி ஒன்றும் பேசவில்லை. பையைத் திறந்து போர்வையை எடுத்து, என் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டாள்.