எக்செப்ஷன் என்றால் விதிவிலக்குதானே?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிது. சரக்கு வாங்கும் இங்கிலாந்து பையரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: "வீ டேக் ஸ்ட்ராங் எக்செப்ஷன் டு த ஷேட் வேரியேஷன்." துணியின் நிற வேறுபாட்டுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று முதலாளியிடம் ஓடினேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர் அவர். கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, "கண்ணு, இது திட்டு" என்றார்.

'மேக்' எக்செப்ஷன் என்றால்தான் விலக்கு. 'டேக்' என்றால் ஆட்சேபம். பள்ளியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த மின்னஞ்சலின் கடைசி வரி இன்னும் மோசம்: "வீ ரிசர்வ் அவர் ரைட்ஸ்." பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோலத்தான் இதுவும். இழப்பீடு இப்போது கேட்கவில்லை. கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. பிறகு பேரம் தொடங்கியபோது 'வித்அவுட் பிரெஜுடிஸ்' என்று தலைப்பிட்டு ஒரு கடிதம். தப்பெண்ணம் இல்லையாம் என்று நிம்மதியடைந்தேன். அதுவும் தவறு. சமரசத்துக்காக இதில் எழுதுவதைப் பொதுவாக நீதிமன்றத்தில் ஒப்புதலாகக் காட்ட முடியாது என்பதே அதன் பொருள்.

எங்கள் பெருந்துறைப் பக்கத்துப் பெரியவர்களும் இப்படித்தான். கோபம் ஏற ஏற 'ங்க' கூடும். "ஏனுங்க, இப்படிச் செய்யலாமுங்களா?" என்று கேட்டால் அடுத்தது பஞ்சாயத்துதான். இது தெரிந்த எனக்கு வெள்ளைக்காரர் மரியாதையாக எழுதும் 'டிஸப்பாயிண்டட்' (ஏமாற்றமடைந்தோம்) போன்ற சொற்களின் கோபம் ஏன் உறைக்கவில்லையோ!

அன்று நான் எழுதிய பதிலின் முதல் வரி, "தங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி." முதலாளிதான் அழித்தார்.