மீனும் ஆறு நாளும்: ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 6
மதியச் சாப்பாட்டில் மறுபடியும் கடவுள் சண்டை. கணக்குப் பிரிவு நண்பர், "ஆறு நாளில் உலகத்தைப் படைத்தாராம், இதை நம்புகிறவரோடு என்ன பேச்சு?" என்றார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், "அதெல்லாம் உருவகம் சார்" என்றார். ஒருவருக்கு ஜெயித்த திருப்தி, இன்னொருவருக்குத் தப்பித்த திருப்தி.

ஜூலை 7
இரவு டேட்டன் வழக்கைப் படித்தேன். 1925, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து டேட்டன் ஊர். பள்ளியில் பரிணாமம் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கு. ஜூலை 20 அன்று விசாரணை புல்தரையில் நடந்தது. ஸ்கோப்ஸுக்காக வாதாடிய கிளாரன்ஸ் டாரோ, அரசுத் தரப்பின் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக உட்கார வைத்து பைபிளைப் பற்றிக் குடைந்தார். யோனாவை மீன் விழுங்கியதா? ஆதாம் ஏவாளின் மகன் காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள்? பிரையன் மீனை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் படைப்பின் ஆறு நாள் வந்ததும், அவை 24 மணி நேர நாட்களாக இருக்கவேண்டியதில்லை என்றார். பைபிளின் பெயரால் பரிணாமத்தை எதிர்க்க வந்தவரே வளைந்த இடம் இது. டாரோ விடாமல் பிடித்துக்கொண்டதில் தப்பில்லை. ஆனால் அங்கே ஆட்டம் கண்டது ஒரு வாசிப்பு முறை. கடவுள் உண்டா என்ற கேள்வி அந்தப் புல்தரைக்கு வரவே இல்லை.

மறுநாள் நீதிபதி அந்தச் சாட்சியத்தையே நீக்கிவிட்டார். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம்.

ஜூலை 9
உருவகம் என்பது டார்வினுக்குப் பயந்து கண்டுபிடித்த சாக்கு என்பார்கள். இல்லை. சூரியன் நாலாம் நாள்தான் வந்தது என்றால் முதல் மூன்று நாளுக்குக் காலை மாலை ஏது என்று 3ஆம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் கேட்டுவிட்டார். அவர் கிறிஸ்தவ அறிஞர்.

அதற்காகக் கணக்குப் பிரிவு நண்பரின் எரிச்சலைத் தள்ளவும் முடியாது. சங்கடமான வரி உருவகம், வசதியான வரி அப்படியே என்றால் எந்த நூலும் எந்தக் காலத்திலும் தோற்காது. எதை எப்படிப் படிப்பது என்பதை மாட்டிக்கொள்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 12
நம் ஊர்ச் சங்கதி இன்னும் சுவாரசியம். வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சை மரபின் குமாரிலர் வேதத்தைப் பிரமாணமாக, அதாவது மறுக்கமுடியாத ஆதாரமாக, ஏற்றவர். உலகைப் படைத்த ஈசுவரனை மறுத்தவரும் அவரே. சைவ சித்தாந்தி மெய்கண்டாரோ தன் சிவஞானபோதம் நூலின் முதல் சூத்திரத்தில் புராணக் கதை எதையும் தொடவில்லை. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது, ஆகவே அதை நடத்த ஒரு கடவுள் வேண்டும், இதுதான் வாதம். அதை மறுக்கப் புராணத்தைக் கிண்டல் செய்து பயனில்லை.

பெரியார் செய்தது வேறு கணக்கு. அந்தக் கதைகளைக் காட்டித்தான் சாதியை நியாயப்படுத்தினார்கள். அதனால் அவர் கதைகளை அப்படியே எடுத்து உடைத்தார். அது சரியான இடம்.

ஜூலை 14
சர்ச் நண்பரிடம் கேட்டேன்: உயிர்த்தெழுதலும் உருவகமா? "இல்லை சார், அது நடந்தது" என்றார். யோசிக்கவே இல்லை. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறாராம். அப்புறம் என்ன, இனி அதைப் பேசலாம், ஆறு நாளும் மீனும் ஆட்டத்தில் கிடையாது என்று கணக்குப் பிரிவு நண்பரிடம் சொன்னேன். அவருக்கு மீனை விட மனசே இல்லை.