வால்வை மூடிய நாளிலிருந்து எண்ணுங்கள்

இஸ்ரேலில் மழைக்காலக் கழிவுநீரைப் பெரிய தேக்கங்களில் பிடித்துவைத்து, கோடையில் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். கிடக்கக் கிடக்க நோய்க்கிருமி சாகும் என்பது உண்மைதான். ஆனால் "நாற்பது நாள் தேக்கம்" என்றால் அது தண்ணீர் உள்ளே கிடக்கும் சராசரிக் காலம், அதை நம்பக் கூடாது.

ஒரு பக்கம் தினமும் கழிவுநீர் விழுந்து, மறுபக்கம் மோட்டார் இழுத்து, நடுவில் காற்றும் கலக்கினால், வெளியேறுவதில் சுமார் 12 சதவீதம் உள்ளே வந்து ஐந்து நாள்கூட ஆகாத தண்ணீர். வரத்து குறையாமல் நீரிருப்பு கால்வாசிக்கு இறங்கினால் அது ஏறக்குறைய 39 சதவீதம். பாசனம் மும்முரமாக நடப்பதும் அப்போதுதான்!

கணக்குக்காக இறப்பு வீதம் நாளொன்றுக்கு 0.5 (அடுக்குக்குறிக் கணக்கில், அதாவது ஒரு நாளில் பத்தில் சுமார் நாலு சாகும்), தொடக்கத்தில் 100 மி.லி.க்கு 1 கோடி மலக் கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் குடல் பாக்டீரியா) என்று வையுங்கள். கலந்தோடும் தேக்கத்தில் சராசரி 40 நாள் கிடந்தும் 4.8 லட்சம் மிஞ்சும். வரத்தை அடைத்துவிட்டால் 20 நாளில் சுமார் 450. பச்சையாகத் தின்னும் காய்கறிக்கு உலக சுகாதார நிறுவனம் 1989இல் வைத்த வரம்பு 1000.

அதனால் மூன்று தேக்கம் வேண்டும்: ஒன்று நிரம்ப, ஒன்று சும்மா கிடக்க, ஒன்று பாசனத்துக்கு. கிடக்கும் தேக்கத்தின் வால்வு சொட்டக் கூடாது. ஒரு லட்சம் கன மீட்டர் சுத்தமான தண்ணீரில் 10 கன மீட்டர் புதுச் சாக்கடை, அதாவது ஒரு டேங்கர் லாரி அளவு, கலந்தாலே 1000-ஐத் தொட்டுவிடும். ஒரே வால்வை நம்பாமல் இரண்டு போட்டு, நடுவில் வடிகுழாய் வைத்தால் கசிவு கண்ணுக்குத் தெரியும்.

கிருமியைக் கொல்வது பெரும்பாலும் வெயிலும் பாசியும் சேர்ந்துதான். பாசி கரியமில வாயுவை உறிஞ்ச, பிற்பகலில் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 9-ஐத் தாண்டும், ஆக்சிஜனும் ஏறும். இதெல்லாம் மேல்மட்டத்தில்தான் நடக்கும். ஆழத்தில் இருட்டு, அங்கே கிருமி மெதுவாகத்தான் சாகும். ஆகவே உறிஞ்சுகுழாயை மிதவையில் கட்டி மேல்நீரை எடுங்கள். புழு முட்டைகள் அடியில் படிந்திருக்கும், சேற்றைக் கிளறும் அளவுக்கு வடிக்காதீர்கள். பாசி சொட்டுநீர்ப் பாசனக் குழாயின் சொட்டுவாயை அடைக்கும், வடிகட்டி கட்டாயம்.

மாதிரியைக் காலையில் உறிஞ்சுவாய் ஆழத்தில் எடுங்கள். பிற்பகல் மேல்நீர் உள்ளதைவிட நல்ல முடிவைக் காட்டும். பாட்டிலை இருட்டில், ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். பி.எச்.சை மட்டும் கரையிலேயே அளந்துவிடுங்கள்.