ஐம்பது பக்கத்துக்குள் ஓர் இயல்: இதழியல் வரலாற்று விருதுகளுக்கு அனுப்புவோர் கவனத்துக்கு

அமெரிக்காவில் இதழியல் வரலாற்றை ஆய்வதற்கும் கற்பிப்பதற்கும் தரப்படும் விருதுகள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று, 1981-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இதழியல் வரலாற்றாளர் சங்கம். சுருக்கமாக ஏஜேஹெச்ஏ. மற்றொன்று, இதழியல் பேராசிரியர்களின் பெரிய அமைப்பான ஏஇஜேஎம்சியின் வரலாற்றுப் பிரிவு. இவற்றில் பணத்தொகை பெரிதல்ல. ஆனால் முனைவர் பட்டம் முடித்து வேலை தேடுகிறவருக்கும், ஆய்வேட்டைப் புத்தகமாக்கப் பதிப்பகம் தேடுகிறவருக்கும் விருதின் பெயர் பெரிய துணை.

முனைவர் ஆய்வேட்டுக்கு ஏஜேஹெச்ஏ தரும் மார்கரெட் பிளான்சர்டு பரிசிலிருந்து தொடங்கலாம். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமை வரலாற்றைக் கற்பித்த பேராசிரியர் அவர். 1997 முதல் இந்தப் பரிசு தரப்படுகிறது. பல ஆண்டு அறிவிப்புகளில் பரிசு 500 டாலர், சிறப்புக் குறிப்புப் பெறும் ஆய்வேடுகளுக்கு 200 டாலர் என்றே இருந்திருக்கிறது. அனுப்பும் தேதி வழக்கமாகப் பிப்ரவரி 1.

தகுதி விதியில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். முந்தைய ஆண்டின் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரைக்குள் முடிந்த ஆய்வேடாக இருக்க வேண்டும் என்கிறது விதி. இங்கே 'முடிந்தது' என்றால் வைவா எனும் வாய்மொழித் தேர்வு முடிந்தது என்று பொருளல்ல. தேர்வுக்குழு சொன்ன திருத்தங்களைச் செய்து, இறுதிப் படியைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். நவம்பரில் வைவா, திருத்தம் இழுபறியாகி ஜனவரி 5-இல் ஒப்படைப்பு என்றால் அந்த ஆய்வேடு அடுத்த சுற்றுக்குத்தான் போகும். பட்டமளிப்பு விழாத் தேதியையும் கணக்கில் எடுக்கக் கூடாது.

அனுப்ப வேண்டியவை: முழு ஆய்வேடு, அதிலிருந்து ஓர் இயல், 200 சொல்லில் ஆய்வுச் சுருக்கம், பொருளடக்கம், நெறியாளரோ துறைத் தலைவரோ எழுதிய பரிந்துரைக் கடிதம். இவற்றோடு, பரிசு கிடைத்தால் ஆண்டு மாநாட்டுக்கு நேரில் வந்து ஆய்வைப் பற்றிப் பேசுவதாக விண்ணப்பதாரர் தரும் உறுதிக் கடிதமும் வேண்டும். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இயல் 50 பக்கத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. குறிப்புகளும் படங்களும் அட்டவணைகளும் அந்தக் கணக்கில் வராது.

அந்த ஓர் இயல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முன்னுரையை அனுப்புகிறவர்கள் உண்டு. முன் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இயலை, அதுதான் 'கனமாக' இருக்கிறது என்று நினைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. முதன்மைச் சான்றுகளை வைத்துச் செய்த சொந்த ஆய்வின் பலம் தெரியும் இயலைத்தான் சங்கம் கேட்கிறது. காப்பகத்துக் கடிதங்களும் பத்திரிகை அலுவலகக் கணக்கேடுகளும் நாளிதழ்ப் பக்கங்களும் ஒன்றோடொன்று மோதி ஒரு முடிவைத் தரும் இயல் எதுவோ, அது நான்காவதாக இருந்தாலும் அதையே அனுப்புங்கள். நடுவர் முந்தைய இயலைப் படித்திருக்க மாட்டார் என்பதால், தொடக்கத்தில் ஒரு பத்தியில் சூழலைச் சொல்லிவிட்டால் போதும்.

சான்றுகளில் கூர்மையான நடுவர் உடனே பிடிக்கும் குறைகள் சில உண்டு. 1914-இல் விற்பனைத் தணிக்கை அமைப்பு வருவதற்கு முன் அமெரிக்க நாளிதழ்களின் விற்பனை எண்கள் பெரும்பாலும் பதிப்பாளர் தாமே சொன்னவை. பத்திரிகைகளைப் பட்டியலிடும் கையேடுகளான, 1869-இல் தொடங்கிய ரோவல் கையேட்டிலும் 1880-இல் தொடங்கிய ஏயர் கையேட்டிலும் இருக்கும் எண்களை அப்படியே உண்மையாக எடுத்தால் வாதமே ஆட்டம் காணும். 'பதிப்பாளர் அறிவித்தபடி' என்று எழுத வேண்டும். இரண்டாவது, எண்ம வடிவிலுள்ள பழைய இதழ்களில் கணினியால் சொல் தேடுவது. பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தெரியும். கணினியும் அப்படியே படித்துவைத்திருக்கும். தேடலில் கிடைக்கவில்லை என்பதால் 'பத்திரிகை இதைப் பற்றி எழுதவே இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. சில வாரங்களின் இதழ்களையாவது பக்கம் பக்கமாகப் புரட்டி, எந்தெந்த நாள் இதழ் காப்பகத்தில் இல்லை என்பதையும் குறிப்பில் சொல்லிவிடுவது ஆய்வின் நேர்மையைக் காட்டும்.

அடுத்தது பெயர் நீக்கம். இயல், சுருக்கம், பொருளடக்கம் மூன்றிலும் ஆய்வாளர் பெயர், பல்கலைக்கழகம், தேர்வுக்குழு எதுவும் தெரியக் கூடாது. தலைப்புப் பக்கத்தில் அழித்துவிட்டுக் கோப்பின் பெயரில் குடும்பப் பெயரை விட்டுவிடுவார்கள். கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் இருக்கும். திருத்தக் குறிப்புகளில் நெறியாளர் பெயர் இருக்கும். 'என் முந்தைய கட்டுரையில் காட்டியபடி' என்ற அடிக்குறிப்பும், பயணநிதி தந்த பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்லும் வரியும் கூடக் காட்டிக்கொடுத்துவிடும். அனுப்புவதற்கு முன் சொந்தப் பெயரையும் ஊரையும் நெறியாளர் பெயரையும் கோப்பில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஏஜேஹெச்ஏ மாநாட்டுக் கட்டுரைகளுக்கும் இதே ஒழுங்குதான். அங்கே வழக்கமான தேதி ஜூன் 1. இரட்டை இடைவெளியில் 25 பக்கம், குறிப்புகள் தனி. நல்ல கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாக விருதுகள் இருக்கின்றன. பெண்கள் வரலாற்றுக்கு மொரீன் பீஸ்லி, சிறுபான்மையினர் இதழியலுக்கு வில்லியம் ஸ்னார்கிராஸ், போரும் ஊடகமும் என்றால் வாலி எபர்ஹார்டு, பன்னாட்டு வரலாற்றுக்கு ஜீன் பால்மெஜியானோ. இந்தக் கடைசிப் பெயர் தமிழ் ஆய்வாளர்களும் நினைவில் வைக்க வேண்டியது. 1841-இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'உதயதாரகை' இதழ் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கியது. அவர்களை அனுப்பிய வாரியத்தின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. வாரியம் இருந்த பாஸ்டனுக்குப் போன கடிதங்களையும் யாழ்ப்பாணத்தில் அச்சான பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் கட்டுரை இந்தப் பரிசுக்கென்றே அமைந்த பொருள்.

வெளியான கட்டுரைக்கு ஏஇஜேஎம்சி வரலாற்றுப் பிரிவின் காத்தரின் கவர்ட் விருது 1985 முதல் இருக்கிறது. சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் கவர்ட். ஏஜேஹெச்ஏவின் ஆண்டின் சிறந்த நூல் விருதுக்குப் புத்தகம் அந்த ஆண்டில்தான் முதன்முறை பதிப்புரிமை பெற்றிருக்க வேண்டும். பழைய நூலுக்குப் புது முன்னுரை சேர்த்து அனுப்பினால் செல்லாது. வாழ்நாள் சாதனைக்கான சிட்னி கோப்ரே விருதைப் பற்றி விண்ணப்பக் குறிப்பாகச் சொல்ல அதிகமில்லை.

கற்பித்தல் விருதுகளில் வேறு தராசு. வரலாற்றுப் பிரிவின் ஜின்க்ஸ் புருஸார்டு விருது, வகுப்பில் செய்துபார்த்த ஒரு கற்பித்தல் யோசனைக்குத் தரப்படுவது. பன்முகம், கூட்டுழைப்பு, சமூகம், நீதி ஆகிய நோக்கங்களில் ஒன்றையாவது அது தொட வேண்டும். 'மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றனர்' என்பதெல்லாம் இங்கே எடுபடாது. வேறொரு கல்லூரியின் ஆசிரியர் அதை எடுத்து அடுத்த வாரமே நடத்த முடியுமா என்பதுதான் கேள்வி. எத்தனை பேர் வகுப்பு, எத்தனை நாள், மூலங்கள் இலவசமா, மதிப்பெண் எப்படி, எங்கே தடுக்கியது என எல்லாம் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1898-இல் ஹவானாத் துறைமுகத்தில் மெய்ன் போர்க்கப்பல் வெடித்த செய்தியை இரண்டு பத்திரிகைகளில் ஒப்பிடும் பயிற்சி. நியூயார்க்கின் ஈவினிங் வேர்ல்டு ஒரு பக்கம், கறுப்பினத்தவர் நடத்திய வார இதழான ரிச்மண்ட் பிளானட் மறுபக்கம். இரண்டும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'குரோனிக்ளிங் அமெரிக்கா' தளத்தில் இலவசம். நான்கு பேர் கொண்ட குழுக்கள், இரண்டு வகுப்பு நேரம். முதல் நாள் தலைப்பு, இடம், யார் சொன்னதாகச் செய்தி என்று மூன்று நெடுவரிசை கொண்ட தாளை நிரப்புவது. இரண்டாம் நாள் இரண்டு பத்திரிகைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே பக்கத்தில் எழுதுவது. தடுக்குவது எங்கே என்றும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்: 'மெய்ன்' என்று தேடினால் அந்தப் பெயருள்ள மாநிலத்தின் செய்திகள் குவியும், வெடிப்பு பிப்ரவரி 15 இரவு நடந்ததால் அந்தத் தேதி இதழில் ஒன்றுமே இருக்காது, 16-இலிருந்துதான் தேட வேண்டும், வார இதழுக்கு அந்த வாரக் கடைசி வரை போக வேண்டும்.