வட்டக்கானலில் இருந்து வெள்ளகெவிக்கு: இறங்குமுகப் பாதை

கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் வட்டக்கானலைக் கடந்து டால்பின் மூக்குப் பாறை வரை நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாறைக்குக் கீழேதான் உண்மையான பாதை தொடங்குகிறது. பெரியகுளம் பக்கம் சரிந்து இறங்கும் மலைமுகத்தில் வெள்ளகெவி என்ற பழைய ஊர் இருக்கிறது. 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவையாளர் இந்த ஊரில் தங்கித்தான் மேலே ஏறிப்போய் இன்றைய கொடைக்கானல் பகுதியை அளந்தார். அமெரிக்க மிஷனரிகள் மேலே முதல் பங்களாக்களைக் கட்டியது 1845இல். அதாவது கொடைக்கானல் ஒரு நகரமாவதற்கு முன்பே வெள்ளகெவி ஊராக இருந்தது. தலைமுறை தலைமுறையாக அரிசி, உப்பு முதல் வீடு கட்டும் சாமான்வரை தலைச்சுமையாகவும் குதிரை முதுகிலும்தான் அங்கே போயின. நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். மலையேற்றத்துக்கென்று வெட்டிய பாதை இல்லை இது, அந்த ஊர்க்காரர்களின் தெரு. இந்த நினைப்போடு நடந்தால் பாதி விஷயம் சரியாகிவிடும்.

முதலில் அனுமதி. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் இந்தக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இணையவழி முன்பதிவுக்குத் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே வழிகாட்டிகளாக வருவார்கள். முன்பதிவு செய்யும்போதே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அனுமதி எந்த இடம் வரை என்று. வெள்ளகெவி வரை போய்த் திரும்புவது ஒன்று, அதற்கும் கீழே கும்பக்கரை அருவிவரை இறங்குவது வேறொன்று. வாகனத்தில் கொடைக்கானலுக்கு வருபவர்களுக்கு 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸும் தேவை. அது வேறு, மலையேற்ற அனுமதி வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வந்து சோதனைச்சாவடியில் நிற்பவர்கள் உண்டு.

பருவம் என்று கேட்டால் எங்கள் கணக்கில் டிசம்பர் கடைசி வாரம் முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் முழுக்கக் காய்ந்திருக்காது. அக்டோபர், நவம்பரில் வேர்களும் பாறைகளும் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் தீ அபாயம். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை வனத்துறை மூடியே வைத்தது.

காலை ஏழு மணிக்குள் வட்டக்கானலில் இருந்து காலடி வைத்துவிட வேண்டும். இரண்டு காரணங்கள். மதியத்துக்கு மேல் சமவெளியில் இருந்து சூடேறிய காற்று மேலெழுந்து மலைமுகத்தில் மஞ்சாக, அதாவது மூடுபனியாகத் திரளும், பத்தடிக்கு முன்னால் இருப்பது தெரியாது. இன்னொன்று, இது தென்கிழக்கு பார்த்த சரிவு. வெயில் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். மேற்கே மலை மறைப்பதால் ஊருக்குள் சூரியன் மறையும் நேரத்துக்கு முன்பே காட்டுப் பாதை இருட்டிவிடும்.

டால்பின் மூக்குவரை உள்ள பாதை மரவேர்களும் மண்படிகளும் கலந்தது. ஆட்கள் நடந்து நடந்து மண் அரித்து, வேர்கள் அரையடி வெளியே நிற்கின்றன. வேரின் மேல் மிதிக்காமல் வேருக்கும் வேருக்கும் இடையில் மண்ணில் கால் வையுங்கள், பனிபட்ட வேர்தான் முதல் சறுக்கலுக்குக் காரணம். பாறையின் நுனி காற்றுக்கும் பள்ளத்துக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நுனியில் நின்று படம் எடுப்பதை வழிகாட்டி தடுத்தால் வாதாட வேண்டாம். மஞ்சில் நனைந்த பாறைக்கும் காய்ந்த பாறைக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

அங்கிருந்து கீழே சரிவு செங்குத்தாகிறது. இறங்குவது எளிது என்று நினைத்து வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. அந்த வேலைதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசலை உண்டாக்குகிறது. வலி அன்று தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போகும். அதனால் அடுத்த நாளுக்கு வேறு மலையைத் திட்டமிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே மாடிப்படி இறங்கிப் பழகுங்கள், ஏறுவது போதாது. முழங்காலைச் சற்று மடக்கி, அடியைச் சிறிதாக வைத்து, உடலைக் கொஞ்சம் முன்னே சாய்த்து இறங்க வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போய் கால் முன்னே வழுக்கும், விழுந்தால் கையை ஊன்றி மணிக்கட்டு போகும். ஊன்றுகோலைச் சமதளத்தில் பிடிப்பதைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள்.

காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும். கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கி, விரல் பக்கம் தளர்த்திக் கட்டினால் குதிகால் பின்னாலேயே நிற்கும், விரல் முன்னால் போய் இடிக்காது. நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். கறுத்துப்போன கட்டைவிரல் நகம் இந்தப் பாதையில் கிடைக்கும் வழக்கமான பரிசு.

சோலைக்காட்டுப் பகுதியில் மழைக்குப் பின் அட்டை இருக்கும். ஒரு சிறு துணிப்பையில் உப்பை முடிந்து ஊன்றுகோலில் கட்டிக்கொண்டால், குனியாமலே ஒற்றியெடுக்கலாம். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையைப் பிடித்து இழுக்காமல், வாய்ப்பகுதிக்கு அடியில் நகத்தை நுழைத்துத் தள்ளிவிடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும், அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது காட்டுமாட்டுக்கு. கொடைக்கானல் தெருக்களிலேயே அது மேய்வதைப் பார்த்து, சாதுவென்று நினைத்துவிடுகிறார்கள். தனிக் காளையும் கன்றோடு நிற்கும் பசுவும்தான் ஆபத்து. பாதை வளைவில் சீறும் சத்தம் கேட்டால் வழிகாட்டி கையைத் தூக்குவார், எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். மாட்டுக்கும் அது ஓடிப்போகக்கூடிய வழிக்கும் இடையில் ஆள் நிற்கக் கூடாது. சத்தம் போடாமல் பின்வாங்கி, அது விலகும்வரை காத்திருப்பது ஒன்றே வழி. குழு சிதறி நடந்தால் முன்னே போனவர்களும் பின்னே வருபவர்களும் அதை நடுவில் மடக்கிவிடுகிறார்கள். எல்லோரையும் சேர்த்தே நடக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தீப்பெட்டி, சிகரெட் வேண்டவே வேண்டாம். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், ஏனென்றால் எரியும் புல்லின் அனல் அதற்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. எங்காவது புகை தெரிந்தால் மேலே ஏறி ஓடக் கூடாது. பக்கவாட்டில் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை ஆகியவற்றை நோக்கி நகர வேண்டும்.

இறங்க இறங்க உலகம் மாறுகிறது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் ஆறு டிகிரி வெப்பம் கூடும். அதற்கேற்பப் பாசி படர்ந்த சோலை மரங்கள் குறைந்து, நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக்கும் அதில் ஏறிய மிளகுக்கொடியும் கீழே காபிச் செடியும் தொடங்கும். மேலே போட்டுக்கொண்ட கம்பளிச்சட்டையை இங்கேயே கழற்றிப் பையில் வையுங்கள், வியர்வையில் நனைந்தால் திரும்ப ஏறும்போது குளிரும். தோட்டத்துக்குள் பிரியும் கிளைப் பாதைகள் ஏராளம். குதிரைச் சாணமும் லாடத்தடமும் உள்ள வழிதான் ஊருக்குப் போகும். தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். பூச்சிமருந்து கலந்திருந்தால் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆளுக்கு மூன்று லிட்டர் மேலிருந்தே சுமந்து வாருங்கள், உலோகக் குப்பியில். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி உண்டு.

வெள்ளகெவி எல்லையில் காலணியைக் கழற்ற வேண்டும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வீடுகளுக்கு இடையிடையே கோயில்களும் வழிபாட்டுக் கற்களும் இருப்பதால் ஊரே கோயிலாகக் கருதப்படுகிறது. இதை ஒரு வேடிக்கையாகப் பார்க்காமல் செய்யுங்கள். காலுறையையும் கழற்றினால் அட்டைக் கடியையும் கொப்புளத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். நண்பகலில் கல் சுடும், பத்தரை பதினொரு மணிக்குள் வந்துவிட்டால் வெறுங்காலில் நடப்பது சிரமமாக இருக்காது. டிசம்பர், ஜனவரியில் களத்தில் காபிப் பழம் காய்ந்துகொண்டிருக்கும். அதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள், அது அவர்களுடைய ஆண்டு வருமானம். வீட்டு வாசலையும் ஆட்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இங்கே குறைந்தது ஒன்றரை மணி நேரம் உட்காருவதற்கு ஒதுக்குங்கள். பலர் பத்தே நிமிடத்தில் கிளம்பிவிடுவது எங்களுக்கு வருத்தம் தரும் விஷயம்.

திரும்பி ஏறுவதாக இருந்தால், இறங்க ஆன நேரத்தில் பாதியை அதனோடு கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் இறங்கியவருக்கு ஏற நாலரை மணி நேரம் ஆகும். பகல் பன்னிரண்டரைக்கு மேல் ஊரில் இருக்கக் கூடாது என்று வழிகாட்டி சொல்வது இந்தக் கணக்கில்தான். கும்பக்கரைவரை அனுமதி இருந்தால், வட்டக்கானலில் இருந்து மொத்தம் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். ஊருக்குக் கீழே நிழல் குறைந்து முட்புதர்க் காடும் உருளும் சரளைக்கல்லும் வரும். களைத்த முழங்காலோடு இந்தச் சரளையில்தான் கணுக்கால் பிசகுகிறது. ஊரிலேயே முழங்கால் நடுங்கினால் அங்கேயே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், சரளைக்கு வந்தபின் சொன்னால் அவரால் செய்யக்கூடியது குறைவு.

அடிவாரத்தில் கும்பக்கரையில் பாம்பாறு பாறைமேல் வழிந்து விழும். மேலே மழை பெய்திருந்தால், கீழே வெயிலடித்தாலும் தண்ணீர் திடீரென்று பெருகும். அப்போது வனத்துறை குளிக்க விடாது. அங்கிருந்து பெரியகுளம் ஒன்பது கிலோமீட்டர். வண்டியை முன்கூட்டியே சொல்லி வைத்திருங்கள், மாலையில் அங்கே நின்று தேடினால் கிடைப்பது கஷ்டம்.