பழைய கட்டமைப்பை இடிக்காமல் மாற்றுவது

பெரிய நிறுவனமொன்றின் மென்பொருளை ஒரே மூச்சில் புதிதாக எழுதிவிடலாம் என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் திருத்தப்பட்ட பழைய நிரலில், எந்த ஆவணத்திலும் பதிவாகாத வணிக விதிகள் பல புதைந்து கிடக்கின்றன. அவை விடுபட்டது, வாடிக்கையாளரின் கணக்கு தவறாக வந்த பிறகே தெரியவரும்.

2004-இல் மென்பொருள் வடிவமைப்பு குறித்து எழுதிவரும் மார்ட்டின் ஃபவுலர் முன்வைத்த வழி எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: வேறொரு மரத்தைச் சுற்றி வேர்விட்டு வளர்ந்து, மெல்ல அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் அத்தியைப் போல, பழைய அமைப்பின் முன்னே, வரும் கோரிக்கைகளைப் பெற்று அனுப்பும் ஓர் இடைமுகத்தை நிறுத்தி, ஒவ்வொரு செயல்பாடாகப் புதிய சேவைக்கு, அதாவது தனித்து இயங்கும் சிறு நிரலுக்கு, திருப்பிவிட்டு, பயனற்றுப்போன பகுதியை மட்டும் நீக்குவது. இதற்குப் பொறுமை வேண்டும். 2008-இல் தரவுத்தளம் பழுதடைந்து மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு வாடகை டிவிடி அனுப்ப முடியாமல் தவித்த நெட்ஃபிளிக்ஸ், மேகக் கணிமைக்கு (இணையவழி வாடகைக்குப் பெறும் கணினிகளுக்கு) மாறும் பணியை 2016 ஜனவரியில்தான் முடித்தது.

மிகவும் கடினமானது தரவைப் பிரிப்பதுதான். நிரல் பிரிந்த பின்னும் இரண்டு சேவைகள் ஒரே தரவுத்தள அட்டவணையில் எழுதிக்கொண்டிருந்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று உடையக்கூடும்.

அமைப்பின் வடிவம் அதை உருவாக்கும் குழுக்களின் தகவல்தொடர்பு வடிவத்தையே ஒத்திருக்கும் என்று கணினி அறிவியலாளர் மெல்வின் கான்வே 1968-லேயே எழுதினார்; ஆகவே, எந்தக் குழு பொறுப்பு என்பது முடிவாகும் முன் ஒரு சேவையைப் பிரிக்கத் தொடங்குவதை நான் எதிர்க்கிறேன்.